முதியோரைக் கதிரையிலேயே இருத்தி வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் நாளுக்குப் பத்தாயிரம் அடிகள் நடப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். விடியற்காலையில் ஆரியகுளத்தைச் சுற்றியும் பண்ணைக் கடற்கரையிலும் நடப்பவர்களைக் காணும்போது, வாழ்நாளை உடற்கல்வி ஆசிரியையாகக் கழித்த எனக்கு மனம் நிறைகிறது. ஆனால் அக்கட்டுரை, அறுபதைக் கடந்தவர்களுக்கும் நடை ஒன்றே போதும் என்று சொல்லி முடிந்துவிட்டது. போதாது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் அந்தப் பத்தாயிரம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரோடு பரவிய எண் அது. எந்த ஆய்வும் அதைக் கண்டுபிடித்துத் தரவில்லை. கடந்த 2025இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்த பெரிய மீளாய்வு ஒன்று, நாளுக்கு 2000 அடிகள் நடப்பவரைவிட 7000 அடிகள் நடப்பவருக்கு இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவாக இருப்பதைக் காட்டியது. முழங்கால் நோவோடு பத்தாயிரத்தை எட்ட முடியாமல் மனம் சோர்ந்திருக்கும் அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் இது ஆறுதலான செய்தி. நான்காயிரம் நடந்தாலும் இரண்டாயிரத்தைவிட நல்லதுதான்.

ஆனால் நம் வீடுகளில் முதியவர்களைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் விழுகைதான். குளியலறையில் வழுக்கி, படியில் தடுக்கி, இரவில் எழும்பும்போது தலை சுற்றி விழுகிறார்கள். உடற்பயிற்சியால் விழுகையைக் குறைக்க முடியுமா என்று 108 ஆய்வுகளை, இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்த மீளாய்வொன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்டது. சமநிலைப் பயிற்சியும் எழுந்து அமர்வது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியும் விழுகைகளை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தன. அவற்றோடு தசை வலுப்பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு மூன்றில் ஒரு பங்கை எட்டியது. வெறும் நடைப்பயிற்சி விழுகையைக் குறைக்கும் என்று சொல்லத்தக்க சான்று அந்த மீளாய்வில் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலும், வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடல் உழைப்பு, அதற்கு மேலாக இரண்டு நாட்களேனும் தசை வலுப்பயிற்சி, அறுபத்தைந்தைக் கடந்தோருக்கு மூன்று நாட்கள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி என்று தெளிவாகக் கூறுகிறது. நம் ஊரில் முதல் வரி மட்டும் பரவியிருக்கிறது. மற்ற இரண்டும் எவர் காதிலும் விழவில்லை.

தசை தனக்குப் பழகிய சுமையை மிஞ்சிய சுமை வரும்போதுதான் வளரும். நடை நமக்கு எப்போதும் பழகிய சுமை. அது இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் தொடையிலும் இடுப்பிலும் கரைந்துபோகும் தசையைத் திருப்பித் தர அது போதாது. வயது ஏற ஏற முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை நார்கள். கால் தடுக்கிய கணத்தில் மறுகாலை முன்வைத்து உடலைத் தாங்குபவை அவையே.

என் தாயாரின் தலைமுறைப் பெண்கள் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. துலாவில் தண்ணீர் அள்ளினார்கள், உலக்கை பிடித்து மா இடித்தார்கள், குந்தியிருந்து அடுப்பூதினார்கள், பாயில் படுத்து நிலத்திலிருந்து எழும்பினார்கள். அந்த உழைப்பு அவர்களை வதைத்ததையும் நான் பார்த்தவள்; அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். மோட்டார் வந்தது, மா அரைக்கும் ஆலை வந்தது, காஸ் அடுப்பும் இருக்கை மலகூடமும் பிளாஸ்டிக் கதிரையும் வந்தன. எல்லாம் நல்லதற்கே. ஆனால் உடம்பு நாளாந்தம் சுமந்த சுமை போன இடத்தில் வேறொன்றை நாம் வைக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவில் அடி அழித்து, அதாவது விழுந்து வணங்கி எழும்பி, வீதி சுற்றிய பெண்கள், எழுபது வயதில் கோயில் மண்டபத்தில் நிலத்தில் இருக்கப் பயந்து தூணோரம் நிற்கிறார்கள். அதை வயதின் இயல்பு என்று நாமும் ஏற்றுக்கொண்டோம்.

இதற்குமேல் நம் பாசம் வேறு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் அழைத்து, "அம்மா, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், ஆளை வைத்துச் செய்வியுங்கள்" என்கிறார்கள். அம்மா கூட்டுவதில்லை, துணி தோய்ப்பதில்லை, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. காய்ச்சல் வந்தால் ஒரு கிழமை கட்டில். அந்தக் கிழமைக்கு உடம்பு கொடுக்கும் விலை என்ன என்பதையும் ஆய்வுகள் அளந்திருக்கின்றன. 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் இருபது வயதான ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையில் வைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து மீண்டும் அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களின் உடற்திறனில் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம் என்று தெரிந்தது. பின்னர் ஆறு மாதப் பயிற்சியில், வயதால் இழந்ததை அவர்கள் மீட்டும் கொண்டார்கள். 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில், அறுபதுகளிலிருந்த நோயற்ற மனிதர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததால் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். பத்து நாள்! நம் வீடுகளில் சிக்குன்குனியா வந்தவரைப் பத்து நாளிலா எழும்ப விடுகிறோம்?

எங்கள் ஒழுங்கையில் எழுபதைக் கடந்த ஓர் அம்மா இரவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை இயன்மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்திருந்தார். அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடியே இருந்தது. பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும், "எழும்பாதேயுங்கள், அவசரப்படாதேயுங்கள்" என்று அன்போடு சொல்லிப் போனார்கள். மகள் உணவைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். எலும்பு பொருந்தியது, கால் பொருந்தவில்லை. தொடை என் முன்கையளவு மெலிந்து, இருவர் பிடித்தால்தான் எழும்புவார் என்ற நிலைக்கு அவர் வந்ததைப் பார்த்த பிறகுதான், எங்கள் சனசமூக நிலையத்தில் பெண்களை வலுப்பயிற்சிக்குக் கூட்டத் தொடங்கினேன்.

"இந்த வயதில் இனி என்ன பலம் வரப்போகிறது ரீச்சர்?" என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்கு நான் எப்போதும் சொல்வது 1990இல் வெளிவந்த பொஸ்டன் ஆய்வை. முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் தொண்ணூறு வயதளவில் இருந்த, மிக நலிந்த பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். மூத்தவருக்கு 96 வயது. அவர்களுக்குக் கொடுத்தது கையைக் காலை நீட்டி மடக்கும் ஒப்புக்கான பயிற்சி அன்று. தாங்கக்கூடிய உச்சத்துக்கு அண்மையான பாரத்தைக் காலால் தூக்க வைத்தார்கள். எட்டு வாரங்களில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டார்கள். இவ்வளவு தெளிவான முடிவு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அது நம் முற்றத்துக்கு வந்து சேரவில்லையே என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

அண்மைய ஆய்வுகள் இதை இன்னும் உறுதிப்படுத்துகின்றன. டென்மார்க்கில் ஓய்வுபெறும் வயதினர் ஓராண்டு, வாரம் மூன்று நாட்கள் கனமான பாரத்தோடு பயிற்சி செய்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி, பயிற்சி தொடங்கி நான்கு ஆண்டுகளான பின்பும் அவர்களின் கால் பலம் குன்றவில்லை. பயிற்சி செய்யாதவர்களுக்குக் குன்றியது. அவுஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இருமுறை அரைமணி நேரம் கண்காணிப்போடு பாரம் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி எட்டு மாதங்களில் 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது குறைந்தது. பாரம் தூக்கினால் எலும்பு முறியும் என்று பயந்து கல்சியம் குளிசையோடு மட்டும் இருக்கும் நம் பெண்கள் இதை அறியவேண்டும்.

நோயாளிக்கு ஓய்வே மருந்து என்ற எண்ணமும் தளர்ந்து வருகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை வைத்து நடந்த ஆய்வு 2025 ஜூனில் வெளியானது. மூன்று ஆண்டுகள் முறையான பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 90 சதவீதத்தினர் எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83 சதவீதத்தினர். புதிய மருந்தொன்று இதைச் செய்திருந்தால் எல்லாப் பத்திரிகைகளிலும் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

எங்கள் கூட்டத்தில் இயந்திரம் எதுவும் இல்லை. கைபிடி இல்லாத உறுதியான கதிரைகள், மணல் நிரப்பிய ஒன்றரை லீற்றர்ப் போத்தல்கள், ஒரு சுவர். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி மெதுவாக இருப்பது முதற்பயிற்சி. அது இலகுவானதும் இரு கைகளிலும் போத்தல். பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி. சுவரைத் தள்ளுதல், குதிக்காலை உயர்த்தி நிற்றல், சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்றல், கடைசியில் பாயில் இருந்து எழும்புதல். எட்டுப் பத்துத் தடவைகளில் களைக்காவிட்டால் பாரம் போதாது என்று அர்த்தம். இதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது என்பதையும் அவ்வளவு கண்டிப்பாகவே சொல்கிறேன். நெஞ்சு நோவோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கிளினிக்கில் வைத்தியரைக் கேட்ட பிறகே சேர்கிறார்கள். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், இரு கைகளாலும் கதிரையைப் பிடித்துத்தான் எழும்பிக்கொண்டிருந்தார். இப்போது கந்தசஷ்டிக்குக் கோயில் நிலத்தில் இருந்து புராணபடனம் கேட்டு, யாருடைய கையும் பிடிக்காமல் எழும்புகிறார்.

வாசகர்கள் தம் பெற்றோரை இன்றே சோதிக்கலாம். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தடவை எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 12 செக்கன்களோ அதற்கு மேலோ எடுத்தால், தசை நலிவு இருக்கக்கூடும் என்று கருதி மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோல். விழுந்துவிடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

உணவையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. காலையில் தேநீரும் ரஸ்க்கும், இரவில் இரண்டு இடியப்பமும் சொதியும் என்று இருந்தால் தசை எதிலிருந்து வளரும்? முட்டை, மீன், பயறு, கடலை, உளுந்து என்று ஏதாவதொன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கவேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டு அளவைத் தீர்மானிக்கட்டும்.

நான் கேட்பது பெரிய செலவு அன்று. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் இருக்கின்றன. காலையில் பத்திரிகை வாசிக்கத் திறந்து மூடும் மண்டபத்தை வாரம் இரண்டு மாலைகள் முதியோருக்குத் திறந்து வையுங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் ஓடிய பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்; அவர்களில் இருவர் பழகிக்கொண்டால் ஊரே பயன்பெறும். பிரதேச சபைகள் நடைபாதை போடும்போது கைபிடிக் கம்பியும் சரியான உயரத்தில் வாங்கு இருக்கையும் சேர்த்துப் போடட்டும். கிளினிக்கில் குளிசை எழுதும் துண்டில் இன்ன பயிற்சி, இத்தனை தடவை என்று ஒரு வரி வைத்தியர் எழுதினால், நான் ஆயிரம் தடவை சொல்வதைவிட நம் சனம் அதைக் கேட்கும். யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீட மாணவர்கள் எங்களைப் போன்ற குழுக்களை முறையாக அளந்து எழுதினால், பொஸ்டனையும் டென்மார்க்கையும் சொல்வதோடு எங்கள் ஊரான கோண்டாவிலையும் சொல்லலாம்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் அந்தக் கதிரைப் பயிற்சியைப் படங்களோடு, முதியவர்கள் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் ஒரு முறை வெளியிடுமாறு வேண்டுகிறேன். நாங்கள் திங்கள், வியாழன் மாலை நான்கரை மணிக்குக் கூடுகிறோம். தம் ஊரில் தொடங்க விரும்பும் எந்த நிலையத்தின் செயலாளரும் வந்து பார்க்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கோண்டாவில்.