பருப்புப் பொடியும் கரடிப் பெட்டியும்

கால்கரி, கனடா,
அக்டோபர் 4

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நாங்கள் இருவரும் நலம். மேலத்தெரு அத்தை மகன் வந்து இறங்கிய மறுநாளே உன் கடிதத்தையும் பருப்புப் பொடியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். போனில் பேசினால் அப்பாவுக்குக் காது கேட்பதில்லை, உனக்குப் பேசி முடித்ததும் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை, அதனால் எழுது என்று எழுதியிருந்தாய். ஆடியிலிருந்து சரியாகப் பேசவில்லை என்ற கோபமும் வரிக்கு வரி தெரிந்தது. நேரமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். சரி, இதோ எழுதுகிறேன்.

போன வாரம் ராக்கி மலைப் பக்கம் போய்விட்டு வந்தோம். இவருக்கு ஷிப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஊர் சுற்ற நேரம் கிடைத்தது. ஓட்டலில் தங்கவில்லை. கூடாரம் அடித்துத் தங்கினோம். இங்கே எல்லோருக்கும் அதுதான் ஆசை, ஓட்டலில் தங்கினால் மலைக்குப் போன கணக்கிலேயே சேராதாம். நீ உடனே செலவுக் கணக்குப் போட உட்காராதே.

கூடாரம் மேல்வீட்டுத் தாத்தாவுடையது. அவரைப் பற்றித்தான் முன்பே சொல்லியிருக்கிறேனே, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பனி கொட்டும்போது அரைக்கால் சட்டையோடு வாசலில் பனி தள்ளுகிறவர். நாங்கள் மலைக்குப் போகிறோம் என்றதும் எங்களைப் பின்வாசலுக்கு வரச் சொல்லி வகுப்பு எடுத்தார். கரடி வந்தால் முகத்தில் அடிக்க மிளகாய்க் காரம் கலந்த ஸ்ப்ரே ஒன்று உண்டு. அதன் காலி டப்பாவை இவர் கையில் கொடுத்துவிட்டு, தாமே கரடியாகி வேலியோரத்திலிருந்து ஓடி வந்தார். இவர் டப்பாவின் கொக்கியைக் கழற்றுவதற்குள் கரடி இவரைத் தின்று முடித்துவிட்டது. திரும்பத் திரும்பத் தின்றது. கடைசியில் மனிதர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர் அம்மா. இந்த மாதம் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லேக் லூயிஸ் என்ற இடத்தில் கூடாரம் போட்டோம். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். கூடாரம் போடுகிற இடத்தைச் சுற்றி மின்வேலி. கரடியை அல்ல, மனிதர்களை உள்ளே அடைத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை, ராத்திரி முழுக்கச் சரக்கு ரயில். தாத்தா எதற்கு இந்த இடத்தைச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது.

ராத்திரி மைனஸ் ஐந்து. அடுப்புக்குக் கொண்டுபோன சின்ன கேஸ் டப்பா புஸ் என்று அடங்கிவிட்டது. உள்ளே இருக்கும் பியூட்டேன் அந்தக் குளிரில் ஆவியாகாதாம். இவர் டப்பாவை ஜாக்கெட்டுக்குள் விட்டு, கட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அங்குமிங்கும் நடந்தார். அப்புறம்தான் எரிந்தது. சோறு வெந்ததும் உன் பொடியைப் போட்டு, நெய்யை எடுத்தால் கல். கரண்டி வளைந்ததே தவிர நெய் வரவில்லை. பாட்டிலைச் சோற்றுப் பானை மேல் சாய்த்து வைத்து, ஓரமாக இளகியதை மட்டும் வழித்துப் போட்டுக்கொண்டேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிசைந்தேன், விரல் சுட்டது, புறங்கை மரத்தது. நின்றுகொண்டே சாப்பிட்டோம். இவர் மூன்றாம் தரம் போடச் சொன்னார்.

சாப்பாட்டு வாசனை கூடாரத்தில் இருக்கக் கூடாது. அரிசி, பற்பசை, சோப்பு வரைக்கும் கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பொடியையும் பூட்டினேன். ராத்திரி எனக்குக் கரடி பயமே இல்லை, பொடி நினைப்புதான்.

மறுநாள் மொரேய்ன் ஏரி. 2023 முதல் சொந்தக் காரை அங்கே விடுவதில்லை, பஸ்ஸில்தான் போக வேண்டும். பத்துச் சிகரங்கள் வரிசையாக நிற்க, அடியில் ஏரி. பனிப்பாறை நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைத்துவிடுமாம், அந்த மாவு தண்ணீரில் மிதப்பதால்தான் அந்த நீலப் பச்சை. ஒரு காலத்தில் இருபது டாலர் நோட்டின் பின்பக்கம் இந்த ஏரியைத்தான் அச்சடித்திருந்தார்கள். ஏரியைப் பார்த்தாயிற்று, இனி நோட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றார் இவர்.

அங்கிருந்து லார்ச் பள்ளத்தாக்குக்கு ஏறினோம். ஊசியிலை மரம்தான், ஆனால் இந்த மரம் மட்டும் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகப் பழுத்து உதிரும். கரடி நடமாட்டம் இருந்தால் நாலு பேராகச் சேர்ந்துதான் ஏற விடுவார்கள். யாரைச் சேர்ப்பது என்று விழித்தபோது, நான் "ஏங்க" என்று கூப்பிட்டதைக் கேட்டு ஒரு பெண் திரும்பினாள். பாலக்காட்டுப் பெண், தமிழ் நன்றாகப் பேசுகிறாள். அவள் வீட்டுக்காரரோடு நாலு பேரானோம். கரடிக்குக் கேட்கும்படி சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். சித்தியை அழைத்து வந்திருந்தால் அந்த மலையில் ஒரு கரடி தங்காது! ஏறும்போதும் இறங்கும்போதும் அவளும் நானும் வாய் ஓயவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு வெளியில் இப்படி வாய்விட்டுப் பேசியதே இல்லை. எட்மண்டனில் இருக்கிறாளாம், இங்கிருந்து மூன்று மணி நேரம். நம்பர் வாங்கிக்கொண்டேன்.

அப்பா, இது உங்களுக்கு. லேக் லூயிஸ் ஏரி 1,730 மீட்டர் உயரம்தான், நம் கொடைக்கானலைவிடத் தாழ்வு. ஆனாலும் அங்கே செப்டம்பர் ராத்திரியே மைனஸுக்குப் போய்விடுகிறது, வடக்கே அவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அங்கிருந்து ஜாஸ்பர் என்ற ஊருக்கு 232 கிலோமீட்டர், பெரும்பாலும் போன் எடுக்காது. நாங்கள் பாதியில் அதபாஸ்கா பனியாறு வரை போய்த் திரும்பினோம், பெட்ரோல் அதற்குத்தான் வரும் என்று தோன்றியது. எந்த வருஷம் பனி எதுவரை இருந்தது என்று அங்கே பலகை நட்டிருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டதாம்.

அந்தச் சாலையில் கொண்டை ஊசி வளைவு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான். அதில் திரும்பும்போது எனக்குக் கொடைக்கானல் மலைப்பாதையின் டம்டம் பாறை நினைவு வந்துவிட்டது. பஸ்ஸில் அப்பா என் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துகொண்டே வா என்பார், நீ ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொல்வாய். இவரிடம் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். தலை சுற்றுகிறதா என்றார். ஆமாம் என்றேன்.

சரி, மற்ற விஷயம். மதினிக்குக் கார்த்திகையில் வளைகாப்பு என்று எழுதியிருந்தாய். கார்த்திகைக்கு இப்போதே டிக்கெட் கிடைக்காது என்கிறார்கள். கண்ணாடி வளையல் என் பங்குக்கு இரண்டு டஜன் சேர்த்துப் போடச் சொல். புளிசாதத்துக்கு நல்லெண்ணெய் தாராளமாக விடு, போன தடவை சித்தி வீட்டில் வறட்டி வைத்தது போல வேண்டாம்.

அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போய் மற்ற காதையும் காட்டச் சொல், அண்ணன் நாளைக் கடத்துகிறான். சொசைட்டியில் என் வளையலுக்குத் தவணை வருகிறதே, மீட்க வேண்டாம், வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிடு. தையில் பார்க்கலாம். தோப்புக் குத்தகைக்கு என் கையெழுத்து வேண்டும் என்றால் அண்ணன் தாளை அனுப்பட்டும், போடுகிறேன். ஆனால் கிணற்றடிக் கல்லாமை மாமரத்தைக் குத்தகையில் சேர்க்கக் கூடாது, அது நமக்கு. குத்தகைப் பணத்தில் என் பங்கை இங்கே அனுப்ப வேண்டாம், தனியாக எடுத்து வைக்கவும் வேண்டாம். வளையல் வட்டிக்கு அதையே கட்டிவிடு. இவருக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
உன் மகள்