செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பாம்பன் தொடங்கி பெரியபட்டினம் வரை ஊர் ஊராக வந்திருக்கும் அக்கா தங்கைகளே, பயிற்றுநர் நண்பர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு கடற்பாசிப் பயிற்சிகளில் நேரடியாக ஒன்பது, இணையவழியில் ஐந்து நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பயிற்சிகள் எப்படி நடந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயர்ப் பஞ்சாயத்து. பயிற்சி நடத்துகிறவரை ஒரு கையேட்டில் ‘வசதியாளர்’ என்று போட்டிருந்தார்கள். முனைக்காட்டில் அப்படியே அறிமுகப்படுத்தினேன். “எத்தனை விசைப்படகு வச்சிருக்காரு?” என்று ஒரு குரல் வந்தது. அன்றோடு அந்தச் சொல்லை விட்டாயிற்று.

மே மாதப் பயிற்சிக்கு யாருமே வரவில்லை. தவறு என்னுடையது. மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே பேசி, மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் அந்த நாளில் கொண்டுபோய்ப் பயிற்சியை வைத்தால் யார் வருவார்? காலண்டரில் ஞாயிறைப் பார்த்தேனே தவிர, பிறையைப் பார்க்கவில்லை. நூறு நாற்காலியையும் நானும் சமையல்கார அண்ணனும்தான் திரும்ப அடுக்கினோம்.

பாசி வளர்க்கும் மிதவைக்காக முனைக்காட்டில் நடந்த பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியூர் நிறுவனம் ஒன்று அனுப்பிய நிபுணர் முற்பகல் முழுக்கத் திரையில் படம் காட்டினார். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை, எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் முன்வரிசையைத் தாண்டி யாரும் விழித்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நம் சங்கத் தம்பி பொறுப்பெடுத்தார். நாற்காலிகளை ஓரங்கட்டி எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்காரச் சொன்னார். நடுவில் கயிறும், அதில் கட்டி வளர்க்கும் விதைப்பாசியும். ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டினார். பின்னாலிருந்த வயதான அம்மா ஒருவர், “இந்த முடிச்சு வாடைக் காத்துக்கு நிக்காது தம்பி” என்றார். தம்பி விளக்கம் சொல்லவில்லை, மறுத்தும் பேசவில்லை. எழுந்து போய்க் கயிற்றை அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அடுத்த அரை மணி நேரம் அந்த அம்மாதான் வகுப்பு எடுத்தார். பாசியின் தண்டு நசுங்காமல் எவ்வளவு இறுக்குவது, எங்கே இளக்கிவிடுவது என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினார். தம்பி பேசியது மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். அதில் ஒன்று, “ஏன் ஆத்தா அப்படி?” பயிற்றுநருக்கு என்ன தெரிய வேண்டும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: எப்போது கயிற்றைக் கைமாற்றுவது என்று தெரிந்தால் போதும்.

இணையவழியில் அந்தக் கயிற்றை எப்படிக் கொடுப்பது? முதல் கூட்டத்தைத் தனியாளாக நானே நடத்தினேன். “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே பத்து நிமிடம் போனது. ஒரு வீட்டுச் சேவல், இன்னொரு வீட்டில் குக்கர் விசில். நான் காட்டிய அட்டவணை கைப்பேசித் திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததாம். ஜூமில் காசு கட்டாத கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். யாரோ கேள்வி கேட்க வாயெடுத்த நேரம் பார்த்து அது நின்றுபோனது. அரட்டைப் பெட்டியில் ஏழு கேள்விகள் கிடந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

அதற்குப் பின் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் பேசுவார், மற்றவர் ஆட்களை உள்ளே விடுவது, ஒலியை அடைப்பது, அரட்டைப் பெட்டியைப் பார்ப்பது, அறுந்துபோனவருக்குப் போன் போடுவது. பாடத்தை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவாகவும் ஒற்றைப் படமாகவும் அனுப்பிவிடுகிறோம். கூட்ட நேரம் முழுதும் பேச்சுக்குத்தான். கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும் என்பதையும் வழக்கமாக்கினோம். நேரில் முகம் பார்த்தால் ஒருவர் யோசிப்பது தெரியும். திரையில் அது மௌனமாகத்தான் தெரிகிறது, அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம். பத்து எண்ணுவது கொடுமை. ஆறு வரும்போதே வாய் திறந்துவிடுகிறது, எனக்கும்.

ஒரே போனை மூன்று பேர் பார்க்கும் வீடுகளில் பெயர் ஒன்றுதான் திரையில் வரும். மற்ற இருவரையும் வருகைப் பதிவில் விட்டுவிட்டோம் என்று ஒரு தங்கச்சி கோபித்துக்கொண்டார். நியாயம்தான். இனிமேல் கூட்டம் தொடங்கும்போதே “பக்கத்தில் யார் யார்?” என்று கேட்டு எழுதுவோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். தனியாளாக இணையவழிப் பயிற்சி கூடாது. பயிற்சித் தேதியை அந்தந்த ஊர்ப் பெண்களைக் கேட்டே வைப்பது. முடிச்சு சொல்லிக்கொடுத்த அம்மாவைப் போன்றவர்களுக்கு, வெளியூர் நிபுணருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம். மூன்றாவதைப் பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை; இன்று பேசி முடிவெடுக்க வேண்டும்.

பயிற்சிக் கயிறு இரண்டு கட்டு சங்க அலமாரியில் இருக்கிறது. எடுத்துப்போகிறவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுக்கவும். போன தடவை போன கட்டு இன்னும் வரவில்லை.