நீச்சல் பழகியதோடு நிறுத்த வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை விடுமுறையில் பிள்ளைகளை எதில் சேர்க்கலாம் என்று சென்ற இதழில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். கிரிக்கெட், நெட்பால், செஸ், பரதம் எல்லாம் இருந்தன. தண்ணீரில் நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் வாட்டர் போலோ இல்லை. அம்மா அப்பாவுக்கும் இடமுள்ள ஆட்டம் என்பதால் எழுதுகிறேன்.

மேற்கு சிட்னியில் நம் பிள்ளைகள் பலர் சின்ன வயதிலேயே நீச்சல் வகுப்புக்குப் போகிறார்கள். குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டால் போதும், வகுப்பை நிறுத்தி டியூஷனில் சேர்த்துவிடுகிறோம். அப்புறம் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை, பழகியதும் கைவிட்டுப் போகிறது.

போன பருவத்தில் எங்கள் வட்டாரக் கோடைப் போட்டியில் மகளும் நானும் சேர்ந்தோம். சின்னவர்களுக்கு ஃபிளிப்பா பால் என்ற எளிய வாட்டர் போலோ: ஆழம் குறைந்த பக்கத்தில் ஆடுவார்கள், காலை ஊன்றிக்கொள்ளலாம், பந்தை இரண்டு கையாலும் பிடிக்கலாம். புதிதாக வரும் பெரியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. என் அணியில் பல்கலைக்கழக மாணவியும் இருந்தார், பேரன் பேத்தி எடுத்தவரும் இருந்தார். கோல் காத்தது அந்தப் பாட்டிதான்!

முறையான ஆட்டத்தில் தரையில் கால் படக்கூடாது. கோல்கீப்பர் தவிர யாரும் பந்தை இரு கையால் தொடக்கூடாது. அதனால் முதலில் பழக வேண்டியது கால்தான். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முழங்காலை அகட்டிக்கொண்டு, முட்டை அடிக்கும் கருவியைப் போல இரண்டு காலையும் எதிரெதிராகச் சுழற்ற வேண்டும். பெயரே எக்பீட்டர். தொடை விண்விண்ணென்று வலிக்கும். ஆனால் அது வசப்பட்டதும் கையின் உதவி இல்லாமலே தலை தண்ணீருக்கு மேல் நிற்கும். ஆழத்தில் பதறாமல் நிற்கப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடிபடாதா என்று கேட்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் கரையிலேயே நகங்களைச் சோதிக்கிறார்கள். நீளமாக இருந்தால் வெட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். தொப்பியில் காதுக்குப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. தள்ளுமுள்ளு இல்லாமல் இல்லை. ஆனால் புதியவர் பிரிவில் எங்கள் நடுவர்கள் விசில் ஊதி நிறுத்தி, என்ன தவறு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் வாட்டர் போலோ தங்கம் வென்றது இந்தியா. பெண்கள் வாட்டர் போலோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2000இல், இதே சிட்னியில். அமெரிக்காவை வென்று தங்கம் வாங்கியது ஆஸ்திரேலியா. அந்த ஒலிம்பிக்கின் வாட்டர் போலோ ஆட்டங்கள் சில நடந்த ரைட் (Ryde) நீச்சல் குளம் நம் வீடுகளிலிருந்து எட்டிப்போகும் தூரம்தான்.

பந்தும் தொப்பியும் எங்களுக்குக் கிளப்பிலேயே கொடுத்தார்கள். நீச்சலுடை பற்றித் தயக்கம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சரியா? கோடைப் பருவத்துக்கான பதிவு தொடங்கும்போது, புதியவர்களுக்கான அறிமுக நாட்கள் எங்கெங்கே என்று நம் இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டால் நன்றாக இருக்கும். விவரம் திரட்டித் தர நான் தயார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
டூங்காபி, சிட்னி