வேறெங்கும் அறிவுயிர் உண்டா? வானியல் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி, நம் படிப்பு வட்டம், கணக்குப் பயிற்சி, ரேடியோ பிரிவு ஆகிய மூன்றும் இந்த ஆண்டு ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டன: பிரபஞ்சத்தில் வேறெங்காவது அறிவுயிர் இருக்க எவ்வளவு வாய்ப்பு? வான்காட்சி இரவுகளில் பொதுமக்கள் அதிகம் கேட்பதும் இதைத்தான். “இத்தனை கோடி நட்சத்திரம் இருக்கிறதே, கண்டிப்பாக இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அந்தப் பதில் போதாது என்பதே இந்த ஆண்டுப் பணியின் முடிவு. அதன் காரணங்களைத்தான் இந்த அறிக்கையில் விரிவாக வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

படிப்பு வட்டம்

தேடலின் வரலாற்றிலிருந்து தொடங்கினோம். விண்மீன்களுக்கிடையே தகவல் அனுப்ப ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸில் உமிழும் ரேடியோ அலை ஏற்றது என்று இயற்பியலாளர்கள் கொக்கோனியும் மாரிசனும் 1959-ல் எழுதினார்கள். மறு ஆண்டே வானியலாளர் ஃபிராங்க் டிரேக், அமெரிக்காவின் கிரீன் பேங்கில் இருந்த 26 மீட்டர் ரேடியோ டிஷ்ஷை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். எதுவும் கிடைக்கவில்லை. 1961-ல் அதே இடத்தில் கூடிய ஒரு சிறு கூட்டத்தின் விவாதப் பட்டியலாக அவர் எழுதிவைத்ததுதான் டிரேக் சமன்பாடு.

அதில் ஏழு காரணிகள். ஆண்டுக்கு எத்தனை விண்மீன் பிறக்கிறது, அவற்றில் எத்தனைக்குக் கோள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் உயிருக்கேற்ற கோள் எத்தனை, அவற்றில் எத்தனையில் உயிர் தோன்றும், அதில் எத்தனை அறிவுயிராக வளரும், அதில் எத்தனை வெளியே தெரியும்படி சமிக்ஞை விடும், அப்படி விடும் காலம் எத்தனை ஆண்டு. ஏழையும் பெருக்கினால் நம் பால்வெளியில் இப்போது கேட்கக்கூடிய நாகரிகங்களின் எண்ணிக்கை.

முதல் மூன்றும் இன்று வானியலின் கையில் இருக்கின்றன. 1961-ல் சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள்கூடத் தெரியாது. 1995-ல், சூரியனை ஒத்த ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளாக 51 பெகாசி பி வந்தது. 2025 செப்டம்பரில் உறுதியான புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தொட்டது. சூரியனை ஒத்த விண்மீன்களில், திரவ நீர் இருக்கத்தக்க தொலைவில், பூமியின் பாதி முதல் ஒன்றரை மடங்கு ஆரமுள்ள கோள் விண்மீனுக்குச் சராசரியாக 0.37 முதல் 0.60 வரை இருக்கலாம் என்று கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை ஆராய்ந்த குழு 2020-ல் மதிப்பிட்டது. ஆக இடத்துக்குப் பஞ்சமில்லை.

இதற்குப் பிறகுதான் சிக்கல். உயிர் தோன்றும் வாய்ப்புக்கு நம்மிடம் உள்ள சான்று ஒரே ஒரு கோள். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் சுமார் 348 கோடி ஆண்டுப் பழமையான உயிர்த்தடங்கள் உள்ளன. சீக்கிரமே தோன்றியிருக்கிறதே, ஆகவே எளிதுதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கேள்வி கேட்கும் நாமே அந்த உயிரின் வழி வந்தவர்கள். உயிர் தோன்றுவது எவ்வளவு அரிதானாலும், கேட்பவர் தன் கோளில் அதைக் கண்டே தீருவார். அது மட்டுமல்ல, பூமி உயிருக்கு உகந்ததாக இருக்கும் காலத்துக்கும் எல்லை உண்டு. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகி, இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கடல்கள் தாங்காது. அறிவுயிர் வளர ஏறக்குறைய முழு அவகாசமும் தேவைப்பட்டிருக்கிறது என்றால், வழியில் கடினமான படிகள் சில இருக்க வேண்டும் என்ற இயற்பியலாளர் பிராண்டன் கார்டரின் 1983 வாதம் வட்டத்தில் அதிக நேரம் பேசப்பட்டது. காக்கை, ஆக்டோபஸ், டால்பின் என்று புத்திசாலித்தனம் தனித்தனிக் கிளைகளில் வளர்ந்திருப்பது உண்மை. ரேடியோ செய்தது ஒரே ஓர் இனம் என்பதும் உண்மை. நுண்ணுயிர் பரவலாக இருக்கக்கூடும், அறிவுயிர் மிக அரிது என்ற நிலைப்பாடே இப்போதைய சான்றுக்கு நெருக்கமானது என்பது என் மதிப்பீடு.

கணக்குப் பயிற்சி

இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள பணி இதுவே. சமன்பாட்டில் ஒவ்வொரு காரணிக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்குவது ஏன் தவறான நம்பிக்கை தருகிறது என்பதைக் கணினி விரிதாளில் எவரும் அரை மணியில் காணலாம். சாண்ட்பெர்க், டிரெக்ஸ்லர், ஓர்ட் என்ற ஆய்வாளர்களின் 2018 கட்டுரையில் உள்ள எளிய எடுத்துக்காட்டையே பின்பற்றினோம்.

10,000 கோடி விண்மீன்கள், ஒவ்வொன்றிலும் நாகரிகம் உருவாகத் தாண்ட வேண்டிய ஒன்பது படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியையும் தாண்டும் வாய்ப்பு 0.1 என்றால் மிஞ்சுவது 100 நாகரிகம். ஆனால் அந்த வாய்ப்பு உண்மையில் நமக்குத் தெரியாது, 0-க்கும் 0.2-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். எனவே ஒன்பது பத்திகளிலும் அந்த எல்லைக்குள் தற்செயல் எண்ணைத் தரும் கட்டளையை இடுங்கள். பத்தாவது பத்தியில் ஒன்பதையும் பெருக்கி, 10,000 கோடியால் பெருக்குங்கள். இதையே 10,000 வரிசைக்கு இழுத்துவிட்டுச் சராசரி, இடைநிலை (விடைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது), 1-க்குக் குறைந்த வரிசைகளின் பங்கு மூன்றையும் பாருங்கள்.

சராசரி அதே 100-ஐ ஒட்டித்தான் வரும். இடைநிலையோ சுமார் 9. நான்கில் ஒரு பங்கு வரிசைகளில் விடை 1-க்கும் கீழே போய்விடும். அதாவது “சராசரியாக 100 நாகரிகம்” என்று சொல்லும்போதே, நாம் தனியாக இருக்க நாலில் ஒன்று வாய்ப்பும் அந்த எண்ணுக்குள் மறைந்திருக்கிறது.

பயிற்சியில் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒரே தற்செயல் எண்ணை ஒன்பது பத்திக்கும் இணைத்துவிட்டால் சராசரி 5,000-ஐத் தாண்டும், இடைநிலை 100 ஆகும். இந்த எண்களைக் கண்டால் வாய்பாட்டைச் சரிபாருங்கள். 100 வரிசையோடு நிறுத்தினால் சராசரி 35 கூடியோ குறைந்தோ ஆடும், ஏனெனில் அரிதாக வரும் மிகப்பெரிய விடைகளே சராசரியைத் தூக்கி நிறுத்துகின்றன. விரிதாள் ஒவ்வொரு தட்டலுக்கும் புதிய எண்களை எடுக்கும் என்பதால், ஒப்பிடும் முன் எண்களை மதிப்புகளாக மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

உயிர் தோன்றும் வாய்ப்பு போன்ற காரணிகளில் நம் அறியாமை பத்துப் பத்து மடங்காகப் பல படிகளுக்கு விரிகிறது. அதையும் சேர்த்து அந்த மூவர் கணக்கிட்டபோது, பால்வெளியில் நாம் தனியாக இருக்கும் வாய்ப்பு 53 முதல் 99.6 சதவீதம் வரை வந்தது. ‘எல்லோரும் எங்கே?’ என்று 1950-ல் இயற்பியலாளர் ஃபெர்மி கேட்டாரே, அந்தக் கேள்வியில் முரண்பாடே இல்லாமல் போகலாம். நாகரிகங்கள் நிறைந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே ஆட்டம் காண்கிறது.

கடைசிக் காரணியான ஆயுளுக்கும் ஒரு கணக்கு. ஒரு லட்சம் ஒளியாண்டு குறுக்களவுள்ள பால்வெளித் தட்டில் 1,000 நாகரிகங்கள் சிதறிக் கிடந்தால், மிக அருகிலிருப்பது சராசரியாக 1,400 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும். கேள்வி போய்ப் பதில் வர 2,800 ஆண்டு. ஒரு நாகரிகம் சமிக்ஞை விடும் காலம் 1,000 ஆண்டுதான் என்றால், பதில் வரும்போது கேட்டவர் இருக்கமாட்டார்.

ரேடியோ பிரிவு

ஹைட்ரஜன் அலையைப் பிடிக்கும் பயிற்சி ஏற்பியை இப்பிரிவு பராமரிக்கிறது. வேற்று நாகரிகத்தைப் பிடிக்க இது உதவாது. 1 மீட்டர் டிஷ்ஷின் பரப்பு, 2020-ல் இடிந்து விழுந்த 305 மீட்டர் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் பரப்பில் 93,000-ல் ஒரு பங்கு. ஆனால் தேடுபவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் ஒவ்வொன்றையும் இதில் சிறிய அளவில் பார்க்கலாம்.

டிஷ்ஷின் குவியத்தில் வைக்கும் உலோகக் குவளையின் விட்டம் 15.5 செ.மீ. விட்டம் 12.4-க்குக் குறைந்தால் 21.1 செ.மீ. நீளமுள்ள ஹைட்ரஜன் அலை உள்ளே செல்லாது. 16.1-க்கு மிஞ்சினால் வேறு வகை அலைவும் சேர்ந்து நுழைந்து கதிர்க்கற்றை கெடும். உள்ளே நிற்கும் செம்புக் கம்பி 5 செ.மீ. உயரம். குவளையின் மூடிய பக்கத்திலிருந்து அதன் தூரம் 8.8 செ.மீ., ஏனெனில் இந்த விட்டத்துக்குள் அலைநீளம் 35 செ.மீ. ஆக நீளுகிறது, அதில் கால் பங்கு அது. வெளியே உள்ள அலைநீளத்தை வைத்து 5.3-ல் கம்பியைப் பொருத்துவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சமிக்ஞை மங்கிவிடும்.

குறையிரைச்சல் பெருக்கியைக் குவளையோடு ஒட்டியே வைக்க வேண்டும். கீழே கணினிப் பக்கம் வைத்தால், கேபிள் தின்ற பிறகு மிஞ்சியதைத்தான் அது பெருக்கும். எஸ்டிஆர் டாங்கிளின் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ஏற்பி) நடு அதிர்வெண்ணில், வரைபடத்தில் எப்போதும் ஒரு முள் நிற்கும். அது கருவியின் சொந்தப் பிறவி. எனவே சற்று விலக்கி, 1420.0 மெகாஹெர்ட்ஸில் வைத்து, ஹைட்ரஜன் அலை விழும் 1420.4-ஐப் பாருங்கள். டாங்கிளின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் சாதாரணப் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் 28 கிலோஹெர்ட்ஸ் நகரும், ஹைட்ரஜன் வாயு நகரும் வேகத்தின் கணக்கில் அது நொடிக்கு 6 கி.மீ. பிழை.

பொய்யும் மெய்யும்

ரேடியோ தேடலின் முக்கால்வாசி உழைப்பு குறுக்கீட்டை விலக்குவதில்தான் போகிறது. சில ஹெர்ட்ஸ் அகலமே உள்ள சமிக்ஞையை இயற்கை உண்டாக்குவதில்லை, ஆகவே அதைத் தேடுகிறார்கள். ஆனால் மனிதக் கருவிகளும் அதையே உமிழ்கின்றன. முதல் சோதனை நகர்வு. பூமியின் சுழற்சியால் மட்டும் வானத்துச் சமிக்ஞை 1420 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு அதிகபட்சம் 0.16 ஹெர்ட்ஸ் வீதம் நகரும், தரையில் உள்ள கருவி நகராது. அடுத்தது, விண்மீனை நோக்கி ஐந்து நிமிடம், விலகி ஐந்து நிமிடம் என்று மாறிமாறிப் பார்ப்பது. நோக்கும்போது மட்டும் தெரிய வேண்டும்.

இரண்டையும் தாண்டியும் ஏமாறலாம். 2019-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை நோக்கியபோது 982 மெகாஹெர்ட்ஸில் பதிவான சமிக்ஞை இரு சோதனைகளிலும் தேறியது. 2021-ல், அதே நகர்வுப் பாங்குடைய வேறு சமிக்ஞைகள், மின்னணுக் கருவிகளின் கடிகார அதிர்வெண்களோடு பொருந்தும் இடைவெளிகளில் சிக்கின. அத்தோடு அது குறுக்கீடு என்று முடிவானது. 1977 ஆகஸ்ட் 15-ல் ஒஹையோவில் 72 விநாடி பதிவான ‘வாவ்’ சமிக்ஞை மீண்டும் ஒருமுறைகூட வரவில்லை. திரும்ப வராத சமிக்ஞையை நாம் சான்றாகக் கொள்ள முடியாது.

வளிமண்டல வாயுக்களிலும் இதே கதைதான். 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கே2-18பி கோளில், பூமியில் உயிரோடு தொடர்புடைய டைமெதில் சல்ஃபைடு இருக்கலாம் என்று 2025 ஏப்ரலில் வந்த செய்தியின் உறுதி 3 சிக்மா, அதாவது கண்டுபிடிப்பு என ஏற்க வழக்கமாகக் கேட்கும் 5 சிக்மா என்ற புள்ளியியல் அளவை எட்டாதது. வேறு குழுக்கள் அதே தரவை வேறு மாதிரிகளில் பொருத்தியபோது அறிகுறி நிலைக்கவில்லை.

எதுவும் கிடைக்காததால் யாரும் இல்லை என்றும் சொல்லக் கூடாது. தேட வேண்டிய திசை, அதிர்வெண், நேரம், உணர்திறன் எல்லாவற்றையும் பூமியின் கடல்களாகக் கொண்டால், இதுவரை பார்த்தது ஒரு சிறு நீச்சல் குளத்து நீர்தான் என்று 2018-ல் வானியலாளர் ஜேசன் ரைட்டின் குழு கணக்கிட்டது.

நூலகப் புத்தகங்களின் பட்டியல் புதுப்பிக்கப்பட்டுள்ளது. வான்காட்சி இரவுகள் வழக்கம்போல் நடந்தன.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் முன்மொழிவுகள்: வான்காட்சி இரவுகளில் இக்கேள்விக்கு ஒற்றை எண்ணைச் சொல்லாமல், தெரிந்த காரணிகள், தெரியாதவற்றின் வீச்சு, தேடிய அளவு மூன்றையும் சேர்த்தே சொல்வது, விரிதாள் பயிற்சியைப் பள்ளி மாணவர்களுக்கு நடத்துவது, வெப்பநிலை ஈடுசெய்த படிகமுள்ள டாங்கிள் ஒன்று வாங்குவது, ஏற்பி இருக்கும் இடத்தின் குறுக்கீடுகளுக்குத் தேதி, நேரம், அதிர்வெண், டிஷ்ஷின் திசை என நான்கு பத்திகளில் தனிப் பதிவேடு தொடங்குவது. பதிவேட்டை முதலில் தொடங்கிவிட்டு டாங்கிளை வாங்கலாம் என்பது என் பரிந்துரை. பழைய கருவியின் குறுக்கீடு எது, வெளியிலிருந்து வருவது எது என்று பிரித்தறிய முன்பதிவு வேண்டும்.

இவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்