பேதுருவைப் பேசவிடுங்கள்

திருகோணமலையின் கத்தோலிக்கப் பங்குகளில் உள்ள அருட்பணிச் சபையினருக்கு,

வணக்கம். தவக்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே எழுதுகிறேன். மேடை போட்டபிறகு எழுதினால் யாரும் வாசிக்க மாட்டீர்கள்.

நான் பார்க்கும் திருப்பாடுகளின் காட்சிகளில், அதாவது இயேசு பாடுபட்டு இறந்ததைக் காட்டும் தவக்கால நாடகங்களில், வசனம் ஒலிப்பதிவிலிருந்துதான் வருகிறது. பொடியன்கள் வாரக்கணக்காக ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசியில் ஸ்பீக்கருக்கு வாயசைக்கிறார்கள். குரல்கள் தமிழ்நாட்டுக் குரல்கள். இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட ரோமை ஆளுநர் பிலாத்து பழைய சினிமா ராஜா மாதிரி கர்ஜிக்கிறார். சரி, அவர் வெளியூர்க்காரர்தானே, விடலாம். இயேசுவின் சீடரான மீனவர் பேதுருவை என்ன செய்வது? மத்தேயு நற்செய்தி 26ஆம் அதிகாரத்தில், இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கும்போது அவர் பிடிபடுவதே பேச்சால்தான். முற்றத்தில் நின்றவர்கள் அவர் வாயைத் திறந்ததும் கலிலேயாக்காரன் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் மேடையிலோ கரைவலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை பேதுருவாக நிற்க, "அம்மனிதனை நான் அறியேன்" என்று ஸ்பீக்கர் முழங்குகிறது. அவனையே பேசவிட்டால், "எனக்கு அந்தாளத் தெரியாதெண்டு சொல்லுறனல்லோ!" என்று பதறியிருப்பான். கடவுளின் வார்த்தையே இயேசு என்னும் மனிதரானார் என்று விசுவசிக்கிற நாம், அந்த மனிதருடைய கூட்டாளிக்கு ஊர்ப்பேச்சைக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

சனம் சிரிக்கும் என்று ஒரு சபை உறுப்பினர் என்னிடம் சொன்னார். சிரிக்கட்டுமே. சேவல் கூவி, பேதுரு மனம் கசந்து அழும்வரை சிரிப்பார்களா, பார்ப்போம்.

புனிதம் கெடும் என்பது அடுத்த பயம். 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் இங்கே தமிழ் கற்று, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். அழுகைத் தொனியில் இழுத்துப் படிக்கும் அதை இப்போது மரபு என்கிறோம். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளை எத்தனை விதமாக மேடையேற்றியது! எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாக வைத்துக்கொண்டதில்லை என்று உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இலேயே சொல்லிவிட்டது.

ஒலிப்பதிவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிது. அதில் யூதர் எல்லோரும் ஒரே வெறிக்கூச்சலாக வருகிறார்கள். இயேசுவின் சாவை அன்றைய யூதர் அனைவர் மீதும், இன்றைய யூதர் மீதும் சுமத்தக்கூடாது என்று அதே சங்கம் 1965இல் அறிவித்தது. ஒரு இனத்தையே மொத்தமாகக் குற்றவாளியாக்கினால் என்ன நடக்கும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாமே பிரதி எழுதினால் அந்த இடத்தைத் திருத்தலாம். காசு கொடுத்து வாங்கிய பதிவில் எதைத் திருத்துவது?

முழு நாடகத்தையும் இந்த முறையே மாற்றச் சொல்லவில்லை. மறுதலிப்புக் காட்சியை மட்டும் இளைஞர் ஒன்றியத்திடம் கொடுங்கள். எழுதியதைப் பங்குத்தந்தை வாசித்துப் பார்க்கட்டும். பேதுரு, வேலைக்காரப் பெண், குளிர்காயும் இரண்டு பேர், அவ்வளவுதான் ஆட்கள். மைக் இரண்டு போதும், அது கோயிலிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பின்வரிசையில் நின்று பார்க்கும் ஒரு பங்குவாசி