வரிசைக்கு மேலே ஒரு துணி கட்டுங்கள்

ஸ்பெயினில் உள்ள செவில் நகரின் பழைய நினைவுச் சின்னம் ஒன்றின் வாசலைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. ஸ்பானிய மொழியில் இதையே உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், அடுத்த ஜூலையில் உங்கள் வரிசையில் வந்து நிற்கப்போகிறவர்களில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள்.

கேட்பது ஒன்றுதான். வரிசை நிற்கும் இடத்துக்கு நிழல் போட்டுக் கொடுங்கள்.

அலுவலக வேலையாக மாட்ரிட் வந்தேன். சுற்றிப் பார்க்க ஒரு சனிக்கிழமைதான் கிடைத்தது. விடிந்ததும் அதிவேக ரயிலைப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் உங்கள் ஊர். காலை முழுக்க நன்றாகவே போனது. 1929ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய பிளாசா தே எஸ்பான்யாவில், ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒன்றாக ஓடு பதித்த இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பக்கத்து மரியா லூயிசா பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். அப்புறம் சாண்டா குரூஸ் சந்துகள். எதிரெதிர் வீடுகள் அவ்வளவு நெருக்கம், வெயில் தரையைத் தொடுவதே சில நிமிடங்கள்தான். உங்கள் முன்னோர் வெயிலை அறிந்து கட்டியிருக்கிறார்கள் என்று மனதார நினைத்தேன்.

உங்கள் வாசலுக்கு வந்தது அதற்குப் பிறகு. காலை நேரத்து டிக்கெட்டுகள் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தன. எனக்குக் கிடைத்தது பிற்பகல் மூன்றரை.

உங்கள் ஊர்ச் சூரியனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும், மூன்றரை என்றால் வெயில் தாழ்ந்திருக்கும் என்று நம்பி வரும் எங்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பெயின் 1940இல் தன் கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது. செவிலோ அந்த நேரக் கோட்டுக்கு வெகு மேற்கே இருக்கிறது. கோடைக்கால நேரமும் சேர்ந்தால், ஜூலையில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டரை மணிவாக்கில். மூன்றரை என்பது எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு மணி. அனல் உச்சத்துக்குப் போவது அதற்கும் பிறகு, ஐந்து ஆறு மணிக்கு.

வேலூரில் வளர்ந்தவள் நான். கத்திரி வெயில் எனக்குப் புதிதில்லை. ஆனால் கத்திரி வெயிலில் எங்களை யாரும் கல் தரையில், இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே நகர விடாமல் நிறுத்தி வைப்பதில்லை. தடுப்புக் கம்பியில் கை பட்டால் சுட்டது. பக்கத்துச் சுவர் வாங்கி வைத்திருந்த சூட்டைத் தோள்மேல் திருப்பிக் கொடுத்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு மரங்கள், அவற்றின் கீழே நிழல், அதற்கும் பின்னால் தண்ணீர் விற்கும் கடை. எல்லாம் கண்ணுக்கு எட்டும் தூரம்.

ஜோடியாக வந்தவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் மரத்தடியில் இளைப்பாறிவிட்டு வந்தார். குடும்பமாக வந்தவர்கள் அப்பாவை நிறுத்திவிட்டுக் குழந்தைகளை நிழலுக்கு அழைத்துப் போனார்கள். தனியாக வந்தவளுக்கு இடம் பிடித்து வைக்க யார் இருக்கிறார்கள்? என் பாட்டில் காலியானபோது கடைக்குப் போய் வர முடியவில்லை. போனால் வரிசையின் கடைசிக்குத்தான் திரும்ப வேண்டும், அதற்குள் என் நேரம் கடந்துவிடும். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மாவும் தனியாகத்தான் வந்திருந்தார். கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கம்பியைத் தொடவும் முடியாமல், இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.

வாசலை நெருங்கும்போது என் செல்போன் கறுத்துப்போனது. சூடு அதிகம், ஆறிய பிறகுதான் இயங்கும் என்ற எச்சரிக்கை மட்டும் திரையில் இருந்தது. டிக்கெட், வரைபடம், திரும்பும் ரயிலுக்கான சீட்டு எல்லாம் அதற்குள். பாஸ்போர்ட்டை நீட்டினேன். டிக்கெட்டில் பெயர் போட்டது நீங்கள், பெயரைச் சரிபார்க்க அடையாளம் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள். அந்தப் பெயரை வைத்து உங்கள் கணினியில் தேடலாமே என்று கேட்டேன். கியூஆர் கோடு இல்லாமல் முடியாது, தள்ளி நில்லுங்கள் என்றார் உங்கள் ஊழியர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் அதே வெயிலில், சட்டை முதுகோடு ஒட்டிப்போய் நின்றுகொண்டிருந்தார். தெரு தாண்டிப் போய் மரத்தடியில் வைத்துப் போன் உயிர்பெற்றபோது மூன்றரை மணி நுழைவு முடிந்திருந்தது. மறுபடி உள்ளே விட மாட்டோம், பணமும் திரும்பாது என்றார்கள்.

பணத்தை நான் கேட்கவில்லை. நிழலைத்தான் கேட்கிறேன். நிழல் இருந்திருந்தால் போன் அணைந்திருக்காது, அந்த அம்மா அப்படித் தவித்திருக்க மாட்டார், உங்கள் ஊழியரும் எல்லோரிடமும் பொறுமையாகப் பேசியிருப்பார்.

இது முடியாத காரியம் என்று உங்களால் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் ஊரே இதைச் செய்துகொண்டிருக்கிறது. கோடை வந்தால் சியர்ப்பெஸ் கடைத்தெருவில் கூரைக்குக் கூரை துணிப்பந்தல் கட்டுகிறார்கள். 2011இல் திறந்த மரக் கூடாரம் என்கர்னாசியோன் சதுக்கம் முழுக்கக் குடை பிடிக்கிறது. 1992 உலகக் கண்காட்சியில் செடி கொடிகளையும் நீர்த்திவலைகளையும் வைத்துத் திறந்தவெளியையே குளிர்வித்த ஊர் உங்களுடையது. பழைய சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது நியாயம். ஆணி எதற்கு? தனியாக நிற்கும் நான்கு கம்பங்கள் நட்டால் ஆயிற்று. கோடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உலகிலேயே முதன்முதலாக வெப்ப அலைக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்த நகரம் செவில்தான். 2022 ஜூலையில் வந்த அந்த அலைக்கு ஸோயி என்று பெயர். புயலுக்குப் பெயர் வைப்பதுபோல் வைத்தால் மக்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்பது நல்ல எண்ணம். 2023இல் ஸ்பெயின் அரசு, ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாட்களில் வெளிவேலை செய்பவர்களைக் காப்பாற்ற முடியாவிட்டால் வேலை நேரத்தையே மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டது. உணவகங்கள் வாடிக்கையாளருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவ்வளவும் யோசித்த நாட்டில், காசு கொடுத்து வரிசையில் நிற்பவரைப் பற்றி மட்டும் ஏன் யாருக்கும் யோசனை வரவில்லை? தனியாக வருபவர்களைப் பற்றி உலகெங்கும் இப்படித்தான். ஓட்டலில் தனி அறைக்குக் கூடுதல் கட்டணம், உணவகத்தில் நிழலான மேசைகள் இரண்டு பேருக்கும் நான்கு பேருக்கும். உடம்பு சரியில்லாமல் போனால் பக்கத்தில் ஆளில்லாதவர்தானே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்? அதை யாரும் நினைப்பதில்லை.

சரி, கோபம் வேறு எங்கோ போகிறது. உங்களிடம் கேட்க வந்ததைப் பணிவாகக் கேட்கிறேன். அடுத்த ஜூன் மாதத்துக்குள் வரிசை நிற்கும் இடம் முழுக்கப் பந்தல் போடுங்கள். அதுவரை, வெயில் எச்சரிக்கை உள்ள நாட்களில் எண் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, எங்களை எதிரே இருக்கும் மரத்தடியில் காத்திருக்க விடுங்கள். போன் அணைந்துபோனவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரைத் தேடிக்கொள்ள உங்கள் ஊழியருக்கு அனுமதி கொடுங்கள். இவற்றில் முதலாவதை மட்டுமாவது செய்துவிட்டு ஒரு வரி பதில் எழுதினால், அடுத்த முறை மாட்ரிட் வரும்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கே மறுபடி வருகிறேன்.

மரியாதையுடன்,
தனியாக வந்து, உள்ளே பார்க்காமல் திரும்பிய ஒரு பயணி
வேலூர்