18,000 ரூபாய் வயரும் எர்த் குழியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில், வீட்டில் நல்ல ஒலியில் பாட்டுக் கேட்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆம்ப்ளிபயருக்கு விலை கூடிய பவர் கார்டு, அதாவது சுவர் சாக்கெட்டில் இருந்து கரண்டு எடுக்கும் வயர், போட்டால் திரை விலகியது போல ஒலிக்கும் என்று அதில் இருந்தது. அந்தத் திரையை விலக்க நானும் 18,000 ரூபாய் கொடுத்தவன், அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டுவதாக இருந்தால் எர்த் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

கரண்டால் ஒலி மாறவே மாறாது என்று சாதிக்கிற ஆள் நான் இல்லை. 1990களில் சவுதியில், தம்மாமில் வேலை பார்த்தேன். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் கம்பளியும் கோடாலித் தைலமும் கொண்டுவந்தார்கள், நான் ஒரு ஆம்ப்ளிபயரும் பெல்ட் போட்ட ரெக்கார்டு பிளேயரும் சுமந்து வந்தேன். வோல்டேஜ் சுவிட்சை எல்லாம் சரியாகத் திருப்பி வைத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதல் தட்டைப் போட்டால், ஐந்து கட்டையில் பாட வேண்டியவர் மூன்று கட்டையில் இழுத்து இழுத்துப் பாடுகிறார். "பாட்டுக்காரருக்கு நீர்க்கோவையா மக்கா?" என்று அம்மா கேட்டாள். விஷயம் இதுதான்: சவுதியில் கரண்டு நொடிக்கு 60 தடவை அலைகிறது, அதாவது 60 சைக்கிள், நம் ஊரில் 50. அந்த மாதிரி மோட்டார், கரண்டின் சைக்கிளுக்கு ஏற்றபடிதான் சுற்றும், எனவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28 சுற்றுகூடச் சுற்றவில்லை. நாகர்கோவிலில் ஒரு லேத்துப் பட்டறையில் மோட்டார் முனையில் இருக்கும் சின்னக் கப்பியை ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் பெரிதாகக் கடைந்து போட்ட பிறகுதான் பாடகர் ஐந்து கட்டைக்குத் திரும்பினார்.

ஆக, கரண்டு மாறினால் பாட்டு மாறும், சரி. சுவரில் இருந்து ஆம்ப் வரை கிடக்கிற கடைசி இரண்டு மீட்டர் வயர் மாறினால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் மீட்டருக்கு 12 மில்லிஓம் அளவுதான் தடை. போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர், மொத்தம் 48 மில்லிஓம். வீட்டில் நாம் கேட்கிற சத்தத்துக்கு ஆம்ப் ஒரு ஆம்பியர் இழுத்தால் அதிகம், அப்போதும் அந்த வயரில் குறைவது 0.05 வோல்ட். வெள்ளிக் கம்பியே போட்டாலும் இந்த 0.05இல் ஒரு துளியைத்தான் மிச்சம் பிடிக்கலாம். என் வீட்டிலோ சாயங்காலம் ஏழு மணிக்கு, 230 இருக்க வேண்டிய இடத்தில் 200ஐத் தொட்டுவிட்டு வரும்! அது போக, வருகிற கரண்டு அப்படியே ஸ்பீக்கருக்குப் போவதும் இல்லை. டிரான்ஸ்பார்மரில் இறங்கி, டயோடில் ஒருபக்கமாகத் திரும்பி, பெரிய கெப்பாசிட்டரில் நொடிக்கு நூறு தடவை நிரம்பித்தான் பாட்டாகிறது. கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக் குழாயில் பிடிக்கிறவன் கயிற்றின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரிதான் இந்த வயர் விவகாரம்.

இதையெல்லாம் தெரிந்துமா வாங்கினாய் என்று கேட்பீர்கள். மருமகன் சொன்னான், கடைக்காரர் போட்டுக் காட்டினார், எனக்கும் வித்தியாசம் கேட்டது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம். பேரனை ஆம்ப் பின்னால் உட்கார வைத்து, காசு சுண்டிப் பார்த்து எந்த வயரையாவது மாட்டச் சொன்னோம், நாங்கள் எதிரில் இருந்து எது என்று சொல்ல வேண்டும். 20 தடவையில் எனக்கு 9 சரி, மருமகனுக்கு 11. சேர்த்து 40க்கு 20. எங்கள் காதுகளுக்குப் பதிலாக இன்னொரு காசைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும். அந்த வயர் இப்போது பேரனின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

ஆனால் ஒரு விஷயம், நூறு ரூபாய் வயரே போதும் என்று கண்டதை வாங்காதீர்கள். மூன்று பின் பிளக் இருக்கும், உள்ளே எர்த் கம்பியே இருக்காது. செம்பு நிறத்தில் மின்னும், காந்தம் வைத்தால் ஒட்டும், உள்ளே இரும்பு. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, மூன்று கம்பி உள்ள சாதாரண வயர், பிளக் சாக்கெட்டில் ஆடாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை செலவும் ஓடியது உண்மையில் ஒரு 'உம்ம்ம்' சத்தத்தால். பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் அது கேட்கும், ராத்திரியில் தாங்க முடியாது. 18,000 ரூபாய் வயருக்கும் அது அசையவில்லை. கடைசியில் தீர்த்து வைத்தவர், எங்கள் பக்கம் கோயில் கொடை விழாவுக்கு மைக் செட் போடுகிற தம்பி. சீரியல் செட்டைக் கழற்ற வந்தவரைக் கூப்பிட்டேன். இரண்டு நிமிடம் காது கொடுத்தார். "அண்ணாச்சி, அந்த கேபிள் டிவி வயர உருவுங்க பாப்போம்" என்றார். உருவினேன். உம்ம் போய்விட்டது. ஆம்புக்கு எர்த் சுவரில் இருந்து ஒரு வழியாக வருகிறது, கேபிள் வயரின் மேல்கம்பி தெருவில் இருந்து இன்னொரு வழியாக வருகிறது, ஆம்போடு இணைத்த டிவி மூலம் இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது, அந்த வளையத்தில் ஓடுகிற 50 சைக்கிள்தான் ஸ்பீக்கரில் முனகுகிறது. டிவி, ஆம்ப், பிளேயர் எல்லாவற்றையும் ஒரே போர்டில் மாட்டச் சொன்னார், கேபிளுக்கு நடுவில், அந்த வளையத்தை அறுக்கிற ஒரு சின்ன ஐசொலேட்டர் போட்டார். பத்துத் தெருவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஜெனரேட்டரிலும் லைன் கரண்டிலும் மாறி மாறி ஓட்டுகிறவருக்குத் தெரியாதா?

போகும்போது அவரே ஆம்பைத் தொட்டுப் பார்த்து "சுர்ருனு இருக்கே" என்றார். சுவரில் எர்த் கம்பி இருக்கிறது, தரைக்குள் எர்த் இல்லை! 1988இல் வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டு இறக்கிய குழாய் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. மணவாளக்குறிச்சி மணல், மேலே காய்ந்து கிடக்கும், உப்புக்காற்று வேறு. சுவிட்ச் போர்டைத் திறந்தால் பித்தளை ஸ்குரூ எல்லாம் பச்சை பூத்திருந்தது. வயர்மேனை வைத்துப் புதுக் குழாய் ஈரமான ஆழம் வரை இறக்கினோம், ஸ்குரூக்களைச் சுரண்டி முறுக்கினோம், கரண்டு கசிந்தால் தானே அணைகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றும் போட்டோம். இப்போது கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றுகிறேன்.

அப்புறம் ஒரு கரகரப்பு மிச்சம் இருந்தது, காற்று அடித்தால் கூடும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் தெரு போஸ்ட்டும் விழுந்தது. கரண்டு திரும்பி வந்த நாளில் அவசரமாக முறுக்கிவிட்ட சர்வீஸ் வயர் ஜாயிண்ட் அப்படியே இருந்து, ஆடி ஆடித் தீப்பொறி விட்டிருக்கிறது. யாரையும் குறை சொல்ல மாட்டேன், மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் போஸ்ட் விழுந்து கிடந்த நேரம் அது. சொன்னதும் லைன்மேன் வந்து கிளாம்ப் போட்டுக் கொடுத்தார், கரகரப்பு நின்றது.

உங்கள் வீட்டில் இரைச்சல் எங்கே என்று பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பழைய பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில் வைத்து, திருநெல்வேலி வானொலியின் 1197க்குக் கொஞ்சம் தள்ளி, நிலையம் இல்லாத இடத்தில் நிறுத்தி, அறை அறையாக நடந்து போங்கள். என் வீட்டில் ஒரு மலிவு எல்இடி பல்பும், திருகுகிற வகை ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றும் மாட்டின. படிப்படியாகத் திரும்புகிற ரெகுலேட்டர் போட்டதும் அந்த அறை அமைதியாகிவிட்டது.

இப்போது, வெட்டாதீர்கள் என்று சொன்ன இடம். உம்ம் சத்தம் போக பிளக்கில் உள்ள பெரிய பின்னை, அதாவது எர்த் பின்னை, ஒடித்துவிடு என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு, எனக்கே சொன்னார்கள். சத்தம் போகும், உண்மை. ஆனால் உள்ளே ஒரு நாள் கரண்டு வருகிற பேஸ் வயர் பெட்டியில் தொட்டால், பெட்டியைத் தொடுகிறவர் மூலம்தான் அது தரைக்குப் போகும். இன்னும் சில வீடுகளில் எர்த் இல்லாததை மறைக்க சாக்கெட்டுக்குள், கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறார்கள். தென்னை மட்டை விழுந்து வெளியே நியூட்ரல் அறுந்தால், சுவிட்ச் போட்ட அடுத்த நொடி ஆம்ப், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் இரும்பு உடம்பிலும் 230 வோல்ட் நிற்கும். உங்கள் கட்டுரையில் பவர் கார்டுக்கு அரைப் பக்கம் இருந்தது, எர்த் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த ஞாயிறு அதற்கு ஒரு கால் பக்கமாவது ஒதுக்குங்கள், எழுத ஆள் வேண்டும் என்றால் அந்த மைக் செட் தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி மாவட்டம்.